என்.எஃப்.எல் முதல் தேர்வு: மேனிங்கா, லீஃபா?

அமெரிக்கக் காற்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்-இல், கல்லூரி ஆட்டத்தை முடித்து வரும் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு டிராஃப்ட் எனப்படும். முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த அணியே முதலில் தேர்ந்தெடுக்கும். இது ஏலம் அன்று. ஓர் அணி ஒருவரின் பெயரை அறிவித்துவிட்டால், வேறு அணி அவருடன் ஒப்பந்தம் செய்ய முடியாது. ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையையே பிற அணிக்குக் கொடுத்து, பதிலாக வீரர்களையோ வேறு முறைகளையோ பெற்றுக்கொள்ளலாம். ஆகவே முதலிடம் பெற்ற அணி இரண்டு கேள்விகளுக்கு விடை காணவேண்டும்: யாரை எடுப்பது? அந்த இடத்தை வைத்துக்கொள்வதா, விற்பதா?

பணக்கார அணிகளே சிறந்த வீரர்களை அள்ளிச் சென்றதால், பிலடெல்பியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல் 1935இல் இம்முறையை முன்மொழிந்தார். 1936இல் நடந்த முதல் டிராஃப்டில் அவரது அணியே முதலில் ஜே பெர்வாங்கரைத் தேர்ந்தெடுத்தது. சம்பளத்தில் உடன்பாடு ஏற்படாததால் பெர்வாங்கர் என்.எஃப்.எல்-இல் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. வரலாற்றின் முதல் 'முதல் தேர்வே' வீணானது.

முதலிடத்தைப் பெரும்பாலும் பெறுபவர் குவாட்டர்பேக் எனப்படும் ஆட்டக்காரர். தாக்குதலின்போது பந்தைக் கையில் வாங்கி, எதிரணியினர் பாய்ந்து வருவதற்குள், ஓடிக்கொண்டிருக்கும் சக வீரர்களில் யாருக்கு எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர் இவர். கையின் வலுவை அளந்துவிடலாம். அந்த ஓரிரு நொடி முடிவை அளக்கும் கருவி இல்லை. கல்லூரியில் எதிர்ப்படும் தடுப்பாட்டம் வேகத்திலும் சூழ்ச்சியிலும் குறைந்தது என்பதால், அங்குக் குவித்த சாதனைகளும் முழுச் சான்றாகா.

இச்சிக்கல் தெளிவாக வெளிப்பட்டது 1998இல். 1997 பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி கண்ட இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு முதலிடம் கிடைத்தது. அணியின் புதிய தலைவர் பில் போலியன் முன் இரு குவாட்டர்பேக்குகள் இருந்தனர். டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்ட்டன் மேனிங் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்தவர், முன்னாள் என்.எஃப்.எல் குவாட்டர்பேக் ஆர்ச்சி மேனிங்கின் மகன். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரையன் லீஃப், தம் அணியை 67 ஆண்டுகளுக்குப் பிறகு ரோஸ் பவுல் போட்டிக்குக் கொண்டுசென்றவர். மேனிங் உடனே ஆடத் தயாரானவர், லீஃப் இன்னும் உயரம் தொடக்கூடியவர் என்பது அப்போது பரவலாக இருந்த கருத்து. லீஃபின் கையே வலுவானது என்றும் பலர் நம்பினர். போலியன் குழுவினர் இருவரின் வீச்சுகளையும் ஒளிப்பதிவில் மீண்டும் மீண்டும் பார்த்து, மேனிங்கின் கை அவ்வாறு பின்தங்கவில்லை என்று கண்டனர். அதன்பின் தயாரிப்பில் காட்டும் அக்கறைதான் வேறுபாடாக நின்றது. கோல்ட்ஸ் மேனிங்கை எடுத்தது.

சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏற அரிசோனா கார்டினல்ஸ் அணிக்குக் கொடுத்த விலை பெரியது: தன் மூன்றாம் இடம், அவ்வாண்டின் இரண்டாம் சுற்று இடம், 1999இன் முதல் சுற்று இடம், மேலும் இரு வீரர்கள். அவ்விடத்தில் லீஃபை எடுத்தது.

முதல் பருவத்தை மட்டும் பார்த்தவர்க்கு விடை தெளிவாகியிருக்காது. லீஃப் தம் முதல் இரு போட்டிகளிலும் வென்றார். மேனிங்கின் முதல் வெற்றி ஐந்தாம் போட்டியில்தான் வந்தது, அதுவும் லீஃபின் அணிக்கு எதிராக. அப்பருவத்தில் மேனிங்கின் 28 வீச்சுகளை எதிரணியினர் இடைமறித்துப் பிடித்தனர். அறிமுக வீரர்களில் அதுவே மிக அதிகம். கோல்ட்ஸ் மறுபடியும் 3-13 என்றே முடித்தது. ஆனால் லீஃப் மூன்றாம் போட்டியில் 15 வீச்சுகளில் ஒன்றை மட்டுமே சக வீரரிடம் சேர்த்தார், அதன்பின் மீளவில்லை. மொத்தம் 25 போட்டிகளே ஆடினார். அடுத்த ஆண்டே 13-3 என்று எழுந்த கோல்ட்சில் மேனிங், பின்னாளில் சூப்பர் பவுலை வென்றார். தம் காலம் முழுவதிலும் ஐந்து முறை மிகமதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார்.

சார்ஜர்சின் கதை அத்துடன் முடியவில்லை. 2000 பருவத்தில் 1-15 என்று சரிந்ததால் 2001இல் முதலிடம் அதற்கே வந்தது. இம்முறை அவ்விடத்தை அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்கு விற்றது; அட்லாண்டா மைக்கேல் விக்கை எடுத்தது. சார்ஜர்ஸ் ஐந்தாம் இடத்தில் லடேனியன் டாம்லின்சனையும், இரண்டாம் சுற்றில் டுரூ பிரீசையும் எடுத்தது. இருவரும் அவ்விளையாட்டின் பெரும்புள்ளிகளாயினர். விற்றதே இலாபம்.

அணிகள் இவ்விடங்களுக்கு என்ன மதிப்பு வைத்தன? 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் அணி உருவாக்கிய பட்டியல் முதலிடத்துக்கு 3,000 புள்ளிகளும் இரண்டாம் இடத்துக்கு 2,600 புள்ளிகளும் கொடுத்தது. இம்மதிப்பு மிகையானது என்று பொருளியலாளர்கள் கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் ஆகியோர் வாதிட்டனர். ஒரு வீரர், அதே நிலையில் ஆடும், அடுத்ததாகத் தேர்வான வீரரைவிடச் சிறந்தவராவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல் என்பது அவர்களின் கணக்கு. ஏறக்குறைய நாணயச் சுண்டல்தான். சம்பளமும் சேர்ந்து சுமையானது: 2010இல் முதலில் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஆறாண்டு ஒப்பந்தம் 7.8 கோடி டாலர். புதிய வீரர்களின் ஊதியத்துக்கு 2011இல் உச்சவரம்பு வந்தபின், அவ்வாண்டின் முதல் வீரர் கேம் நியூட்டனின் நான்காண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 2.2 கோடி டாலராக இறங்கியது. தேர்வு தவறினாலும் அணி திவாலாகாது என்ற நிலை அதன்பிறகே ஏற்பட்டது.

கோல்ட்ஸ் அணிக்கு 2012இல் மறுபடியும் முதலிடம் கிடைத்தது. கழுத்து அறுவைச் சிகிச்சையால் மேனிங் ஒரு பருவம் முழுதும் ஆடாததே அதற்குக் காரணம். அணி 35 வயது மேனிங்கை விடுவித்து, ஆண்ட்ரூ லக் என்ற இளம் குவாட்டர்பேக்கைத் தேர்ந்தெடுத்தது. லக் திறமையானவர்தான், ஆயினும் தொடர் காயங்களால் 2019இல் 29 வயதில் ஓய்வு பெற்றார். முடிந்துபோனவர் என்று கருதப்பட்ட மேனிங், டென்வர் பிராங்கோஸ் அணியில் சேர்ந்து 2016 பிப்ரவரியில் இன்னொரு சூப்பர் பவுலை வென்றார்.