மஜெந்தாவும் அவுரியும்

காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு ஒட்டப்படும் வர்ண விளம்பரங்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். கண்ணுக்கு எத்தனை வர்ணம் தோன்றினும், அச்சு யந்திரத்தில் இடப்படுபவை பெரும்பாலும் நான்கே மைகள்: சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. கறுப்பைக் 'கே' என்று குறிப்பது, மற்றத் தகடுகளைப் பொருத்துவதற்கு ஆதாரமான தகட்டை ஆங்கில அச்சர்கள் 'கீ', அதாவது திறவுகோல் என்றதால். சயான் கிரேக்கச் சொல். இவற்றைப் பற்றி நமக்கு வழக்கில்லை. மஜெந்தாவின் சரித்திரம்தான் விசாரணைக்குரியது.

மஜெந்தா இத்தாலியிலுள்ள ஓர் ஊர். 1859-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி, மூன்றாம் நெப்போலியனின் சேனை சார்டினியரோடு சேர்ந்து ஆஸ்திரியரை அங்கே முறியடித்தது. அதே வருஷத்தில் லியோன் நகரத்தில் வெர்கேன் என்னும் ரசாயன நிபுணர் கண்ட செஞ்சாயம், 'ஃபுக்ஸீன்' என்று விற்பனைக்கு வந்தது. பின்னர் வியாபாரிகள் அதற்கு அப்போர்க்களத்தின் பெயரைச் சூட்டினர். அன்று அரசலாற்றங்கரையில் பறந்ததும் அதே சக்கரவர்த்தியின் கொடியே. இன்றைய அச்சு மை அந்தச் சாயமன்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அச்சாயத்தின் மூலப்பொருள் எது? அனிலீன். ஃப்ரிட்ஷே என்னும் ரசாயனி 1840-இல் அவுரி நீலத்தைக் காரத்தோடு காய்ச்சி வடித்த எண்ணெய்க்கு இட்ட பெயர் அது. போர்த்துகேசியர் அவுரியை 'அனில்' என்பர். அரபியர் 'அந்நீல்' என்பர். அதற்கு மூலம் நமது 'நீலம்' என்ற சொல்லே. ஆகவே மஜெந்தா என்னும் அந்நிய வெற்றிக்குள் இந்தியாவின் பெயரொன்று, பட்டாவில் ஏறாத பூர்வ சொந்தக்காரனைப் போல், மறைந்து கிடக்கிறது.

நமது கரைக்கு அவுரி புதிதன்று. புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த 'கினே' துணி பிரெஞ்சுக் கப்பல்களில் செனகலுக்குச் சென்று, அங்கே பிசினுக்கு விலையாக நின்றது. வங்காளத்திலோ, மஜெந்தா வெற்றி கொண்டாடப்பட்ட அதே 1859-இல், வெள்ளைத் தோட்டக்காரருக்காக அவுரி விதைக்கமாட்டோம் என்று குடியானவர்கள் எழுந்தனர். அந்தக் கிளர்ச்சியின் பெயரை எந்த மைக்கும் எவரும் இடவில்லை! 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, அவுரி வர்த்தகம் விரைவில் சரிந்தது.

ஜப்பானிய அச்சர்கள் சயான் தகட்டை 'ஐ' என்கிறார்கள்; அது அவர்களுடைய அவுரி நீலம். மஜெந்தாவை 'பெனி' என்கிறார்கள். அது குசும்பப்பூவின் செம்மை. அதனால் அவர்களுடைய அச்சுத் தொழில் குன்றிவிடவில்லை. நம் அச்சுக்கூடங்களில் ஒரு தகட்டை அவுரி என்றழைக்கச் சட்டத்தில் தடையேதும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.