ஞாயிற்றுக்கிழமைச் சில்லிக்கு ஒரு மாற்று

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு திருப்பூர்க்காரர்கள் போய் நிற்கும் இடங்களில் ஒன்று சில்லி சிக்கன் தள்ளுவண்டி. நூறு கிராம், கால் கிலோ என்று நிறுத்துத் தருவார்கள். கோழிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. கறிக்கோழிப் பண்ணை விலையைப் பல்லடத்து ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. ஒப்பந்த முறைக் கோழி வளர்ப்பைப் பரப்பிய சுகுணா நிறுவனம் 1984இல் உடுமலைப்பேட்டையில்தான் தொடங்கியது. கறியில் குறையில்லை. கெடுப்பது எண்ணெயும் நிறமும்.

சாயம் துணிக்கு இருக்கட்டும்

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் உடலுக்குத் தீங்கான சேர்மங்கள் சேர்ந்துகொண்டே போகும். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுக்க இருக்கிறது. கருத்துக் குழகுழத்த எண்ணெயைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பும் அப்படித்தான். கபாபில் செயற்கை நிறமி சேர்ப்பதை கர்நாடக அரசு 2024 ஜூனில் தடை செய்தது. சிவப்பு வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும்.

எண்ணெய்ச் சட்டி இல்லாமல் மொறுமொறுப்பு

அரைக்கிலோ எலும்பில்லாத, தோலுரித்த கறியை ஒரே அளவுத் துண்டுகளாக்குங்கள். குழாயடியில் வேகமாக அலசினால் கிருமிகள் மேடையெங்கும் தெறிக்கும்; மஞ்சள் போட்டு அலசியே ஆகவேண்டும் என்பவர்கள் பாத்திரத்துக்குள் மெதுவாக அலசலாம். கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு, மிளகு, மிளகாய்த்தூள், உப்பு பிசறி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

பிறகு அதிகப்படித் தயிரை வழித்துவிட வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். மேலே ஈரம் தங்கினால் கறி அவியுமே தவிர மொறுக்காது. மிக்ஸியில் கொரகொரப்பாகப் பொடித்த அவலில் புரட்டி, அரை மணி நேரம் தண்ணீரில் ஊறிய மூங்கில் குச்சிகளில் இடைவெளி விட்டுக் கோத்து, இரண்டு ஸ்பூன் கடலை எண்ணெயை மேலே தடவுங்கள். 200 டிகிரிக்குச் சூடேற்றிய அவனில், கம்பித் தட்டின் மேல் 20 முதல் 25 நிமிடம். நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். தடித்த துண்டின் உள்ளே 74 டிகிரி வந்திருக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லையென்றால் வெட்டிப் பாருங்கள்: இளஞ்சிவப்பு தெரியக் கூடாது, சாறு தெளிவாக வர வேண்டும்.

லைன் வீட்டில் அவனுக்கு எங்கே போவது? தோசைக்கல்லில் சிறு தீயில் மூடி வேகவைத்து, கடைசியில் மூடியை எடுத்துத் திருப்பிப் போட்டு முறுக விடலாம். அவன் அளவுக்கு மொறுக்காது, ருசி குறையாது.

பக்கத்தில் பழம் எதற்கு?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒன்றரை ஷிப்ட் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணின் களைப்புக்கு வேலை மட்டுமே காரணமாக இருக்காது. கோழிக்கறியில் இரும்புச்சத்து அப்படியொன்றும் அதிகமில்லை. ஆனால் கடலை, பயறு, கீரையில் இருக்கும் இரும்பை உடல் ஏற்றுக்கொள்ள கறியும் வைட்டமின் சி-யும் கைகொடுக்கும்.

அதனால் கறியோடு பழம் வையுங்கள்; ஆனால் வெறும் பழத்தோடு நிறுத்தாதீர்கள். பப்பாளி, தர்பூசணி, வெள்ளரி, கொஞ்சம் கிளிமூக்கு மாங்காய், சின்ன வெங்காயம், புதினாவோடு ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலை சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, மிளகு, உப்பு சாப்பிடும்போது போட்டால் போதும். முன்பே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். மயோனைஸ் வேண்டாம். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததே அதன் ஆபத்து கருதித்தான்.

சாப்பிட்டதும் டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். இரும்பு உடலில் சேர்வதை டீ குறைக்கும். சர்க்கரை நோயாளிகள் பழ அளவையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கறி, பழம் இரண்டின் அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை டிபன் பாக்ஸ்

மிச்சக் கறியைக் காலையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். கோடையில், தகரக் கூரைக்குக் கீழே மதியம் வரை இருக்கும் டிபன் பாக்ஸ் கிருமி வளர ஏற்ற இடம். ஞாயிறு மதியம் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் கடுமையான நாளில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, ராத்திரியே நன்றாகச் சூடுபடுத்திச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நறுக்கிய பழமும் தாங்காது. கம்பெனிக்கு ஒரு முழுக் கொய்யாப்பழத்தைக் கழுவி எடுத்துப் போகலாம்.