சாதி என்றால் மட்டும் ஏன் குரல் தாழ்கிறது? எறையூரும் பிரசங்க பீடமும்

2008 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் இரண்டே வாரம். கத்தோலிக்க ஆலயங்களில் அன்று வாசிக்க வேண்டிய நற்செய்தி, இறந்து நான்கு நாளான லாசரை இயேசு உயிரோடு எழுப்பிய நிகழ்ச்சி.

அதே நாளில் எறையூரில் கிறிஸ்தவர்களின் வீடுகளைக் கிறிஸ்தவர்களே தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. இரண்டு பேர் இறந்தார்கள்.

உளுந்தூர்பேட்டை தாலுகாவில் இருக்கிறது எறையூர். அப்போது விழுப்புரம் மாவட்டம். 2019-ல் பிரித்த பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள் வாழும் ஊர். செபமாலை அன்னை பெயரில் பெரிய ஆலயம், புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டத்தில் பெயர் சொல்லும் பங்கு. பெரும்பான்மையினர் வன்னியக் கிறிஸ்தவர்கள். இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள்.

இருவருக்கும் ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை. ஆனால், செத்தால் புதைக்கத் தனித்தனிக் கல்லறை. சவ ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம், ஆலய வாசலுக்கு எந்தப் பாதையில் வரலாம், சவ வண்டியை யார் பயன்படுத்தலாம் என்பதிலெல்லாம் பிரச்னை. அப்போது ஊருக்குப் போய் வந்த உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயங்கள் இவைதான். வெறுத்துப்போன தலித் கிறிஸ்தவர்கள் சகாய மாதா பெயரில் தங்களுக்கென ஓர் ஆலயம் எழுப்பினார்கள். அதைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். அதன் தொடர்ச்சிதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

துப்பாக்கிச்சூட்டில் இறந்த இருவரும் வன்னியக் கிறிஸ்தவர்கள். அவர்கள் வீடுகளிலும் அழுகைதான். எரிந்ததும் இடிந்ததுமாகத் தலித் வீடுகள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு சந்தேகம். இத்தனை வருடம் ஞாயிறு தவறாமல் அந்த ஆலயத்தில் பூசை நடந்திருக்கும். பூசை என்றால் மறையுரை உண்டு. வருடத்துக்கு 52 ஞாயிறு. 50 வருடத்தைக் கணக்கில் எடுத்தால் 2,600 மறையுரை. அதில் எத்தனையில் அந்தப் பாதையைப் பற்றிப் பேச்சு வந்திருக்கும்?

தலையாட்ட வைப்பது சுலபம்

சாமியாராக இருந்தாலும் பாஸ்டராக இருந்தாலும் பிரசங்கத்தில் சொல்லச் சுலபமான விஷயங்கள் சில உண்டு. குடிக்கு எதிராகப் பேசுவது அதில் ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, குடியைக் கண்டித்துப் பேசாத மேடையே இல்லை. கல்வராயன் மலைச் சாராயம் பற்றியும் ஆளாளுக்குப் பேசினார்கள். பேச வேண்டியதுதான், தப்பே இல்லை. ஆனால், அப்படிப் பேசும் போதகரை எதிர்த்து சபையில் யாரும் எழுந்து வெளியே போக மாட்டார்கள். குடிக்கிறவரும் தலையாட்டுவார்.

செல்போன், சினிமா, சீரியல் என்று திட்டுவதும் அப்படித்தான். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்க வீடியோக்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆசீர்வாதம் உண்டு, கடன் தீரும், விசா கிடைக்கும். சாதி வருகிறதா? வந்தால், 'கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை' என்ற ஒரு வரியோடு கடந்துவிடும். எந்த ஊரில், எந்தத் தெருவில், எந்தக் கல்லறையில் என்ற முகவரி அதில் இருக்காது.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் முகவரி இருக்கிறது. ஊர் அந்தியோக்கியா. பேதுரு அங்கே யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று மெல்ல எழுந்து விலகிவிட்டார். பவுல் அதை எல்லோர் முன்னிலையிலும், பேரைச் சொல்லியே கேட்டார். 'நாம் எல்லோரும் சமம்' என்று பொதுவாகப் பேசிவிட்டு உட்காரவில்லை.

பந்தியில் யாரோடு உட்காருவது என்ற இந்தக் கேள்விதான், தமிழ்நாட்டுக்கு வந்த மிஷனரிகளையும் 150 வருடம் தூங்கவிடாமல் செய்தது.

ராஜநாயக்கன் ஏன் ஐயராகவில்லை?

சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1718-ல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அந்த ஆலயத்துக்குள்ளேயே சாதிவாரியாகத் தனித்தனி இடம். தஞ்சாவூர்ப் பகுதியில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். முன்பு ராணுவச் சிப்பாய். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர், அசராத ஊழியர். அவரை ஐயராக, அதாவது குருவாக அபிஷேகம் செய்யலாமா என்று மிஷனரிகள் யோசித்தார்கள். கடைசியில் செய்யவில்லை. காரணம், அவர் கையால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்ற பயம். 1741-ல் குருப்பட்டம் வேறொருவருக்குப் போனது.

அதாவது, 'உங்கள் ஊழியம் அருமை, ஆனால் சபை ஏற்காது' என்ற கதை. நமக்குப் பழகிய கதைதான்.

அடுத்த நூற்றாண்டில் ஒருவர் பட்டென்று போட்டு உடைத்தார். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், 1833-ல் எழுதிய சுற்றறிக்கையில், சாதியைச் சபைக்குள் உடனடியாக, முழுமையாகக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் சபையை விட்டு விலகினார்கள். சாதி வழக்கங்களை மிஷனரிகள் மாற்றப் பார்த்ததை எதிர்த்து எழுதியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இன்றும் யாருடைய பாட்டு ஒலிக்கிறதோ, அதே சாஸ்திரியார். தமிழ்ப் பாட்டையும் பண்பாட்டையும் காப்பாற்றும் வழக்கு அவருடையது என்று சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால், ஆலயத்தில் தனித்தனியாக உட்காரும் வழக்கமும் அந்த வழக்குக்குள்ளேயே இருந்தது. அதை மறைக்க முடியாது.

லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரால் வேறு மாதிரி யோசித்தார். திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் அவர். 1849-லிருந்து 1853 வரை நீண்ட பயணமாக வந்து இங்கெல்லாம் சுற்றிப் பார்த்தார். சாதி ஒரு சமூக ஏற்பாடு, மெல்ல மெல்ல கரையும், கட்டாயப்படுத்தினால் உடையும் என்பது அவர் வாதம். நம் ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்: 'கொஞ்சம் பொறு தம்பி.'

அதே மிஷனில் வேலை பார்த்த கார்ல் ஓக்ஸ் பொறுக்கவில்லை. சாதியை வைத்துக்கொண்டு ஊழியம் செய்ய முடியாது என்று மல்லுக்கு நின்று, 1850-களின் கடைசியில் வெளியே வந்தார். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் 1861-ல் பெத்தானியா என்ற பெயரில் தனியாக ஆரம்பித்தார். கொஞ்ச காலத்தில் டென்மார்க் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. அங்கிருந்து திருக்கோவிலூருக்கும் வேலை பரவியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அதுதான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் புராட்டஸ்டன்ட் வரலாற்றில் ஒரு பெரிய கிளை, 'சாதிக்கு இடம் இல்லை' என்று சொல்லிப் பிரிந்து வந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

ஓக்ஸை ஹீரோவாக்கிவிட வேண்டாம். 'சேர்ந்து சாப்பிடு, அப்போதுதான் நம்புவேன்' என்று அந்தக் காலத்தில் மிஷனரிகள் வைத்த பந்திச் சோதனையில் ஒரு அதிகாரத் திமிரும் இருந்தது. மிஷனரி பங்களாவில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, வீட்டில் பழையபடி இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனாலும், சபை சுருங்கும் என்று தெரிந்தே பேசினார் அல்லவா? அந்த விலையைத் தர கிரால் தயாராக இல்லை. அவருக்கு எண்ணிக்கையைப் பற்றிய கவலையும் இருந்தது.

பொய்யின் பில் யாருக்கு வருகிறது?

'எங்கள் மதத்தில் சாதி இல்லை' என்று பீடத்தில் நின்று சொல்வது நல்ல எண்ணத்தில் சொல்லும் பொய்தானே, அதனால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. அது சான்றிதழில் இருக்கிறது.

1950-ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவர்களைப் பட்டியலில் சேர்க்காது என்றது. 1956-ல் சீக்கியர்களுக்கும் 1990-ல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. காரணமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது, 'அந்த மதங்களில் சாதி கிடையாதே!'

சென்னையில் ரோட்டோரம் செருப்பு தைத்துப் பிழைத்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவர். அவரைப் போலவே ரோட்டோரம் உட்கார்ந்த மற்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவருக்கு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-ல் தீர்ப்பு: மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது, புதிய மதச் சூழலிலும் அதே கொடுமையோடு இழிவு தொடர்கிறது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது.

யோசித்துப் பாருங்கள். அதைக் காட்ட வேண்டிய சாட்சி யார்? சபைதான். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலேயே ஒரு சுவர் நின்ற மாநிலம் இது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பீடத்தில் நின்று 'இங்கே அப்படி எதுவும் இல்லை' என்று பிரசங்கம் செய்தால், சூசைக்குக் கடை எப்படிக் கிடைக்கும்?

தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் இன்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். எறையூர் மாதிரி ஒரு தாக்குதல் நடந்தாலும், அவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. ஏனென்றால் சட்டப்படி அவர்கள் பட்டியல் சாதியினர் அல்ல. அதனால்தான் பல குடும்பங்களில் ஒருவருக்கு இரண்டு பெயர்: ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒன்று, ஞானஸ்நானத்தில் ஒன்று. அவர்களைப் பார்த்து 'மறைவாகக் கிறிஸ்தவர்' என்று கேலி பேசும் முன், அந்த நிலைக்குத் தள்ளியது யார் என்றும் கேட்க வேண்டும்.

இதே மாவட்டத்தில் மலை ஏறினால் கணக்கு மாறுகிறது. கல்வராயன் மலை மலையாளிகள் பழங்குடியினர். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. பழங்குடியினர் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. வெள்ளிமலையில் ஒருவர் கிறிஸ்தவரானாலும் எஸ்.டி. சான்றிதழ் அப்படியே இருக்கும். கீழே உளுந்தூர்பேட்டையில் ஒருவர் கிறிஸ்தவரானால் எஸ்.சி. சான்றிதழ் போய்விடும். இரண்டு பேருக்கும் ஒரே கலெக்டர் ஆபீஸ்.

பேப்பரில் ஒப்புக்கொண்டார்கள்

மேலிடம் பேசாமல் இல்லை. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களிடம், கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்றார் போப் இரண்டாம் ஜான் பால். அதற்கு நான்கு வருடத்துக்கும் கொஞ்சம் அதிகமாகக் கழித்து எறையூர். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. தலித் கிறிஸ்தவர்களையும் பட்டியல் சாதியில் சேர்க்கக் கேட்டு 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அதற்கு முந்தைய வருடமே, இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைத்திருந்தது.

டெல்லியில் போய் 'எங்களுக்குள் சாதி இருக்கிறது, உரிமை கொடுங்கள்' என்று கேட்கும் திருச்சபை, ஊர்க் கோயிலில் 'நமக்குள் சாதி இல்லை' என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய். டெல்லியில் சொல்வது உண்மை என்பது என் முடிவு. அந்த உண்மையை ஊரில் சொல்வதுதான் கஷ்டம். எறையூர் மாதிரி இடத்தில் பங்குத்தந்தைக்குச் சோறு போடுவதும், தேர் இழுப்பதும், ஆலயத்துக்குப் பெயின்ட் அடிக்கக் காசு கொடுப்பதும் பெரும்பாலும் பெரும்பான்மைதான். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மைக் முன்னால் நின்று, 'இந்தப் பாதையில் எல்லா சவமும் போகும்' என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த சவத்தின் முன்னால் அவரே நடக்க வேண்டும்.

கத்தோலிக்க வழிபாட்டு நாள்காட்டியில் வார நாள் வாசகங்கள் இரண்டு வருடச் சுழற்சியில் வரும். பேதுரு பந்தியை விட்டு எழுந்த கதை, இரட்டைப்படை வருடங்களில் பொதுக்காலம் 27-வது வாரத்தின் புதன்கிழமைக்கு உரியது. 2026-ல் அந்தப் புதன் அக்டோபர் 7-ல் விழுகிறது. செபமாலை அன்னையின் நாளும் அதுவே.