சமவெளியில் 'அன்னா' ஆப்பிள்

ஆப்பிள், குளிர்ந்த தேசங்களுக்கும் உயர்ந்த மலைச்சாரல்களுக்கும் உரிய மரம் என்பதே நம் குடியானவர்கள் நெடுங்காலமாகக் கொண்டிருந்த எண்ணம். ஆயினும், உஷ்ணப் பிரதேசத்திலும் காய்க்கும் என்று சொல்லி, 'அன்னா' முதலிய ரகங்களின் ஒட்டுக்கன்றுகள் இப்பொழுது சமவெளியிலும் விற்கப்பட்டு வருகின்றன. பூந்தமல்லியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வயல்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. எஞ்சிய நிலத்தில் நல்ல வரும்படி தரும் பயிர் எது என்று தேடுவோர் ஆப்பிளைப் பற்றி வினவுவது இயற்கையே. அவர்களுக்கு இங்குக் கூறக்கூடிய விடை இதுவாகும்: வீட்டுக் கொல்லையில் இரண்டு மரங்கள் வைத்துப் பார்க்கலாம், காய்த்துக்கொண்டிருக்கும் கொய்யாவையோ சப்போட்டாவையோ அழித்துவிட்டு ஏக்கர் கணக்கில் நடுதல் தகாது. அதற்குரிய காரணங்களும், கொல்லையில் நடுவோர் அனுசரிக்க வேண்டிய முறைகளும் கீழே விவரிக்கப்படுகின்றன.

ரகத்தின் வரலாறு

'அன்னா' ரகம் இஸ்ரவேல் நாட்டில், ஐன் ஷெமர் என்னும் கூட்டுப்பண்ணையில் அபா ஸ்டைன் என்பவரால் உண்டாக்கப்பட்டது. 'ரெட் ஹதாசியா', 'கோல்டன் டெலிஷியஸ்' ஆகிய இரண்டையும் கலந்து பெற்ற ரகம் இது. பழம் சற்று நீண்ட வடிவமுள்ளது. மஞ்சள் கலந்த பசுமையின்மேல் சிவப்பு படர்ந்திருக்கும். இனிப்பும் இலேசான புளிப்பும் சேர்ந்த ருசியுடையது.

குளிரின் அவசியம்

ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்து உறங்கும். அவ்வுறக்கத்திலிருந்து மொக்குகள் விழிப்பதற்கு, சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ்ப்பட்ட குளிர் பல மணி நேரம் வேண்டும். சாதாரண ரகங்களுக்கு 800 முதல் 1,000 மணி நேரமும் அதற்கு மேலும் தேவை. 'அன்னா'வுக்கு 200 முதல் 300 மணி நேரமே போதும். இதனைக் கொண்டே இது குறைந்த குளிர் ரகம் எனப்படுகிறது. கொடைக்கானலுக்கு ஏற்றதாக வெளியிடப்பட்ட 'கே.கே.எல். 1' என்னும் 'பார்லின்ஸ் பியூட்டி'யும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே.

காட்டுப்பாக்கத்திலோ மார்கழி, தை மாதங்களிலும் அத்தகைய குளிர் ஒரு மணி நேரமேனும் கிடையாது. 'குறைந்த குளிர்' என்பது வேறு, 'குளிரே வேண்டாம்' என்பது வேறு. அவ்வாறே, வெயிலைத் தாங்குவது வேறு, குளிரின்றிப் பூப்பது வேறு. 'எச்.ஆர்.எம்.என். 99' ரகத்தை எடுத்துக்கொள்வோம். இமாசலப் பிரதேசத்துப் பிலாஸ்பூர் மாவட்டத்தில் இதனைத் தெரிந்தெடுத்த விவசாயி ஹரிமன் சர்மா, 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அம்மாவட்டத்தில் கோடை வெயில் கடுமையே. ஆயினும் குளிர்கால இரவுகளில் நல்ல குளிரும் உண்டு. அவ்விடத்து விளைவை அப்படியே இவ்விடத்திற்கு எதிர்பார்த்தல் கூடாது.

ஜாவாவின் முறை

குளிர்காலமே இல்லாத ஜாவாத் தீவில், மலாங் நகரை அடுத்த பத்து என்னும் மலைப்பகுதியில் 'அன்னா', 'ரோம் பியூட்டி' முதலிய ரகங்கள் பயிராகின்றன. அறுவடை முடிந்த சில வாரங்களில் மரத்தின் இலைகள் அனைத்தையும் அங்குள்ளோர் கையால் உருவிவிடுகின்றனர். மொக்குகள் ஆழ்ந்த உறக்கத்தில் அமிழும் முன்பே இவ்வாறு செய்வதால், மரம் குளிரை எதிர்பாராமல் மீண்டும் தளிர்த்துப் பூக்கிறது. நம் கொல்லையிலும் கையாளத்தக்க வழி இதுவே. எனினும் பத்து, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரமுள்ள குளுமையான இடம் என்பதை மறத்தலாகாது.

கன்று தெரிந்தெடுத்தல்

விதையிலிருந்து முளைத்த கன்று தாய் மரத்தின் குணத்தை ஒத்திராது. ஆகையால் ஒட்டுக்கன்றே வாங்குதல் வேண்டும். எந்த வேர்ச்செடியில் ஒட்டப்பட்டது என்று விற்பவரைக் கேட்டறிக. 'எம்.எம். 106' ஈரம் மிகுந்த நிலத்தில் அடித்தண்டு அழுகலுக்கு இலக்காகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும் நமது பகுதிக்கு 'எம்.எம். 111' அதனினும் ஏற்றது. 'அன்னா' தனித்து நின்றால் காய்ப்புக் குறையும். மகரந்தச் சேர்க்கைக்காக 'டார்செட் கோல்டன்' கன்று ஒன்றையும் அருகில் நடுவது அவசியம்.

நடவு

பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் நடலாம். 2 அடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மேல்மண்ணுடன் மக்கிய தொழுவுரம் இரண்டு கூடை கலந்து நிரப்புக. தரைமட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் மேடு கட்டி, அதன்மேல் கன்றை நடுக. ஒட்டுப்பகுதி மண்ணுக்கு நான்கு விரற்கடை மேலே இருத்தல் வேண்டும். மரத்திற்கு மரம் 12 அடி இடைவெளி போதும். மேற்கு வெயில் மறையும் இடம் சிறந்தது. அடிமரத்திற்குச் சுண்ணாம்பு பூசி, தூரைச் சுற்றி வைக்கோல் பரப்பினால் கோடையின் வேகம் தணியும்.

இலை உருவுதல்

முதல் இரண்டு ஆண்டுகளில் தோன்றும் பூக்களைக் கிள்ளிவிடுக. மூன்றாம் ஆண்டு முதல், மார்கழியில் மழை நின்றதும், இலைக்கணுவிலுள்ள மொக்குக்குச் சேதம் நேராதபடி இலைகளை முற்றிலும் உருவி, கிளை நுனிகளைச் சிறிது நறுக்கி, நிமிர்ந்த கிளைகளைக் கயிற்றால் வளைத்துக் கட்டுக. பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சுக. இரண்டு மரங்களுக்கும் ஒரே நாளில் இதனைச் செய்தல் வேண்டும்; இல்லையேல் ஒன்று பூக்கும் சமயம் மற்றொன்று பூவாது. கொத்துக்கு ஒரு பிஞ்சு நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிட்டால் எஞ்சியது பருக்கும். அணில், கிளிகளிடமிருந்து காக்கத் துணிப்பை கட்டுதல் நலம்.

பழத்தின் உபயோகம்

பூத்த மூன்று முதல் நான்கு மாதங்களில் பழம் முதிரும். பசுமை மாறி மஞ்சள் தோன்றி, கையால் சற்றே தூக்கித் திருகிய அளவில் காம்பு கழன்றால் பறிக்கலாம். இரவிலும் உஷ்ணம் குறையாத ஊரில் சிவப்பு நிறம் நன்கு ஏறாது. நிறத்திற்காகக் காத்திருந்தால் சதை மாவுபோல் ஆகிவிடும். இப்பழம் நெடுநாள் வைத்திருக்கத் தக்கதன்று. வெளியில் வைத்தால் சில தினங்களுக்குள் உண்டுவிட வேண்டும். களைந்த காய்களில் முதிர்ந்தவை பச்சடிக்கும் ஊறுகாய்க்கும் உதவும்.

கணக்குப் பார்த்தல்

ஓர் ஏக்கரில் 12 அடி இடைவெளியில் 302 கன்றுகள் பிடிக்கும். ஒரு கன்றின் விலையை 302 ஆல் பெருக்கி, அதனுடன் குழி, எரு, நீர், ஆள்கூலி ஆகியவற்றையும், மூன்று ஆண்டுகள் அந்நிலத்தில் கொய்யா தந்திருக்கக்கூடிய வருமானத்தையும் கூட்டிப் பார்த்தால், சோதித்தறியாத மரத்திற்காகக் குடும்பம் பணயம் வைக்கும் தொகை எவ்வளவு என்பது விளங்கும். இரண்டு மரங்களில் இச்சோதனையைச் செய்து, அது பலிக்காமற் போனால் நஷ்டம் இரண்டு கன்றுகளோடு நின்றுவிடும்.

கன்று விற்பவர் எவராயினும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கடலோரச் சமவெளியில், நம் ஊரைப் போன்ற உஷ்ணத்தில், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் காய்த்த மரத்தை நேரில் காட்ட முடியுமா? காட்டினால் சென்று கண்டு, பழத்தை உண்டு பார்த்து, பிறகு முடிவு செய்க. நடுவோர் இலை உருவிய தேதி, பூத்த தேதி, பறித்த பழங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் எழுதி வைத்து வருவார்களாக. இரண்டு போகம் ஒழுங்காக வந்தபின் இரண்டு மரங்களைப் பத்தாக்குவதில் தடையில்லை, அதற்குமுன் வேண்டாம்.