நிறுத்திய வண்டியும் சாயும்

1990 இல் வன்னிக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பின், மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் நம்மில் பலரின் பாயையும் பானையையும் சுமந்தன. இடம்பெயர்ந்து பரந்தனுக்குத் திரும்பிய குடும்பங்களின் நெல்மூட்டையும் உரப்பையும் இன்றும் அவற்றிலேயே போகின்றன. ஓடும்போது விழுவதைப் பற்றிப் பேசுகிறோம். நிறுத்தும்போது சாய்வதைப் பற்றிப் பேசுவதில்லை. நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் காலில் விழுந்தால் ஒரு போகமே வீணாகலாம்.

இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்மண் மாரியில் இளகும். பக்க ஸ்ராண்ட் புதையும், வண்டி சரியும். ஸ்ராண்டின் கீழ் பலகைத்துண்டோ தட்டைக் கல்லோ வைத்தால் பாரம் பரவும். மூட்டையை இறக்கிய பின்பே வண்டியை நகர்த்துவோம். இடப்பக்கம் நின்று, வண்டியை இடுப்போடு சற்றுச் சாய்த்து, வலக்கையை முன் பிறேக்கில் வைத்து உருட்டுவோம்.

கைமீறிச் சரிந்தால் விலகிவிடுவோம். உடைந்த கண்ணாடியை மாற்றலாம், காலை மாற்ற முடியாது. விழுந்ததும் எஞ்சினை நிறுத்தி, பெற்றோல் குழாயைப் பூட்டி, சூடான சைலன்சரை அண்டாமல் பிள்ளைகளை விலக்குவோம். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் ஸ்ராண்டை விரித்து, கியரில் போடுவோம். பிறகு இருக்கைக்கு முதுகு கொடுத்துக் குந்தி, முதுகை வளைக்காமல், கால்பலத்தால் பின்னோக்கி நடந்து நிமிர்த்துவோம். அயலவரைக் கூப்பிட வெட்கப்பட வேண்டாம். இருவர் தூக்கினால் ஒருவர் நாரியும் பிடிக்காது.