புயல் திருத்திய போர்க்கப்பல்

1922-ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கை பெரும் போர்க்கப்பல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிவிடவே, அக்குறையைச் சிறு கப்பல்களின் பலத்தால் ஈடுசெய்யச் சங்கற்பித்த ஜப்பானியக் கடற்படை, 1928-இல் ‘ஃபுபுகி’ என்னும் நாசகாரிக் கப்பலைச் சேவையில் இறக்கியது. சுமார் 1,700 டன் எடையே கொண்ட அக்கப்பலில், அலைநீர் தெறிக்காதவாறு எஃகுக் கூண்டுகளுள் இரண்டிரண்டாக அமைந்த ஆறு 127 மில்லிமீட்டர் பீரங்கிகளும், 610 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒன்பது டார்ப்பீடோக் குழாய்களும் இடம்பெற்றிருந்ததோடு, அதன் வேகமும் 38 நாட் அளவை எட்டியமையால், உலகக் கடற்படைகள் யாவும் அதனை ஆச்சரியத்துடன் நோக்கின.

ஆயினும், இலேசான உடலின்மீது இத்தனை ஆயுதபாரத்தை ஏற்றியதன் விபரீதம், 1935 செப்டம்பர் 26-ஆம் நாள், வடபசிபிக்கில் பயிற்சியிலிருந்த நான்காம் கப்பற்படைப் பிரிவு கடும் புயலுள் சிக்கியபோதுதான் முழுமையாகப் புலப்பட்டது. ‘ஹட்சுயுகி’, ‘யூகிரி’ என்னும் இவ்வகைக் கப்பல்கள் இரண்டின் முகப்புப் பகுதிகள், மாலுமிமேடைக்கு முன்னாலேயே முறிந்து, அலைகளோடு போயின. அங்கிருந்த மாலுமிகளும் மாண்டனர்.

அதன்பின் எஞ்சிய கப்பல்களின் உடல்கள் உறுதிப்படுத்தப்பட்டு, மேற்பாரம் குறைக்கப்பட்டு, அடிப்பாரம் கூட்டப்பட்டதனால், வேகம் 34 நாட் அளவிற்குத் தாழ்ந்தது. இவ்வகையின் திருத்த வடிவமான ‘அக்கட்சுகி’ முதலிய நான்கையும் சேர்த்துக் கட்டப்பெற்ற 24 கப்பல்களுள், இரண்டாம் உலகப்போரின் முடிவில் மிஞ்சியவை ‘உஷியோ’, ‘ஹிபிகி’ ஆகிய இரண்டே. அவற்றுள் ஹிபிகி, போர் இழப்பீடாகச் சோவியத் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.