முதியோரும் மாத்திரையும்

மலைநாட்டு முதியோர்க்கு மருந்து கிடையாமையே பெருந்துன்பம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கல்வராயன் மலைச் சிற்றூர்களில் அது மெய்யே. வெள்ளிமலைக்கோ, மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கோ சென்று மாத்திரை பெற்றுத் திரும்புவதற்குள் ஒருநாட் கூலி போய்விடும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசாங்கத் திட்டத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் இவற்றிற்குரிய மாத்திரைகள் நோயாளர் இல்லத்திற்கே வருகின்றன. 2022இல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது. மிக நல்லதே. ஆயினும், வீடு வந்த மருந்தை முதியோர் எங்ஙனம் உட்கொள்கின்றனர் என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள்.

வயது ஏற ஏறச் சிறுநீரகம் தளர்தலின், உட்கொண்ட மருந்து விரைவில் வெளியேறாது உடலிலே தங்கும். பேரனுக்கு ஏற்ற அளவு பாட்டனுக்கு மிகையாகலாம். இதனையுணர்ந்து அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் என்பாரும் அவருடன் உழைத்தாரும் 1991இல் முதியோர்க்குத் தகாத மருந்துகளின் பட்டியலொன்றை வெளியிட்டனர். அது காலந்தோறும் திருத்தப்பெற்று இன்றும் வழங்குகின்றது. சளிக்கென்று கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் அதில் உளது. முதியோர்க்கு அது மயக்கத்தையும் மனக்குழப்பத்தையும் சிறுநீர்த் தடையையும் உண்டாக்கும். நீரிழிவிற்குரிய கிளிபென்கிளமைடும் உளது.

மகன் காபித் தோட்ட வேலைக்குச் சென்றுவிட, தனித்திருக்கும் கிழவியொருத்தியை நினைத்துக்கொள்வோம். காலையில் கிளிபென்கிளமைடை விழுங்கிவிட்டுக் கஞ்சியும் குடியாது சாமைக் கொல்லைக்குச் செல்கின்றாள். உச்சிப்பொழுதில் வியர்க்கின்றது, கை நடுங்குகின்றது, பேச்சுக் குழறுகின்றது. அயலார் 'வயதாயிற்று, தள்ளாமை' என்று பாயில் கிடத்துவர். உண்மையில் இரத்தத்திற் சர்க்கரை இறங்கிவிட்டது. நினைவிருப்பின் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்துப் பின் உணவும் தரல் வேண்டும். தெளிந்தாலும் அம்மட்டில் விடுதல் ஆகாது. அம்மருந்து நெடுநேரம் வேலை செய்வதால் சர்க்கரை மீண்டும் இறங்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோதலே தக்கது. நினைவிழந்தார் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

மற்றொரு கேடு மெல்ல வருவது. இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் உண்பார் சிலர்க்குக் கால் வீங்கும். அதனைப் புதுநோயென்று கருதி, வேறொரு டாக்டர் நீர் பிரிக்கும் மாத்திரை எழுதுவார். அதனால் இரவில் பலமுறை எழுந்திருக்குங்கால் தலைசுற்றி விழுதல் நேரும். விழுந்த வலிக்கு டைக்குளோபினாக் வாங்கப்படும். அதுவோ தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுத்து, இரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். ஒரு மாத்திரை மூன்றான கதை இதுவே. ஒவ்வொன்றையும் தந்தவர் நன்னோக்கத்துடனேயே தந்தார். மூன்றையும் ஒருங்கே பார்த்தவர்தாம் ஒருவருமிலர்.

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு நில்லாது, அருகிருந்து கொடுப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்தது. பிழைப்பு நாடி இளையோர் வெளியூர் போய்விட்ட வீடுகளில் அந்நான்காமவரே இல்லை. மாதமொருமுறை மாத்திரை தரும் சுகாதாரப் பெண்மணி நாள்தோறும் உடனிருத்தல் இயலுமோ?

ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். பாட்டியின் தலையணையடியிலும் பெட்டியிலும் உள்ள மாத்திரைகளையெல்லாம், நாட்டு மருந்துப் பொடியுட்பட, ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுக. ஒரே மருந்து இருபெயர்களில் இருப்பதுண்டு. கம்பெனி மாறின் நிறமும் மாறுமாகையால், பழைய வெள்ளையையும் புதிய மஞ்சளையும் வேறு வேறென்று எண்ணி இரண்டையும் விழுங்குவாருமுளர். எதை நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்லல் வேண்டும். நாமாக நிறுத்தின் சில மருந்துகள் விபரீதம் விளைக்கும். எழுத்தறியாதார்க்குக் காலை மருந்தின் உறையில் சூரியனையும் இரவு மருந்தின் உறையில் பிறையையும் வரைந்து கொடுத்தாற் போதும். வெறுவயிற்றில் உண்ணலாகாத மருந்தின்மேல் ஒரு கஞ்சிக் கலயத்தையும் வரைக.